யாரும் பேசாத படங்களும் என் பழைய ப்ரொஜெக்டரும்: ஐந்து வருட அனுபவம்

இந்த ப்ரொஜெக்டர் என் கைக்கு வந்தபோதே இன்னொருவர் வீட்டில் பாதி ஆயுளைக் கழித்திருந்தது. அதற்கப்புறம் ஐந்து வருடம் ஓடிவிட்டது. சனிக்கிழமை இரவு ஒரு படம், அது எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் பேசியிராத படமாக இருக்க வேண்டும், பார்த்து முடித்ததும் நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும் என்று அப்போது ஒரு விதி போட்டுக்கொண்டேன். நட்சத்திரம், மார்க் எல்லாம் கிடையாது. வேலை, காய்ச்சல், சோம்பல் என்று தவறிப்போன வாரங்கள் நிறைய. ஆனாலும் இரண்டு நோட்டு தீர்ந்து மூன்றாவது ஓடுகிறது.

மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம் போடும். தூசி ஃபில்டரை அவ்வப்போது கழற்றித் தட்டாவிட்டால் இன்னும் சத்தம் போட்டு, சூடாகி, படம் சூடுபிடிக்கும் நேரமாகப் பார்த்துத் தானாக அணைந்துவிடும். எனக்கு இரண்டு முறை நடந்தது, இரண்டு முறையும் தப்பு என்னுடையதுதான். திரை வாங்கவில்லை, சுவரிலேயே போடுகிறேன். சுவரின் இடப்பக்கம் ஒரு விரிசல் இருப்பதால், உலகத்தின் நல்ல நல்ல நடிகர்கள் எல்லாரும் என் வீட்டில் கன்னத்தில் தழும்போடுதான் நடிக்கிறார்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் சப்டைட்டில் வெள்ளைச் சட்டைமேல் விழுந்தால் ஒரு எழுத்தும் தெரியாது. எழுத்தை மஞ்சளாக மாற்றும் வசதி ப்ளேயரிலேயே இருப்பதை மூன்றாவது வருடம்தான் கண்டுபிடித்தேன் என்பதையும் வெட்கமில்லாமல் சொல்லிவைக்கிறேன்.

போன மாதம் நோட்டுகளை முதலிலிருந்து படித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "அடேங்கப்பா" என்று எழுதிய படங்களில் பாதி எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. "மெதுவாகப் போகிறது, நடுவில் எழுந்து தண்ணீர் குடித்தேன்" என்று எழுதிய படங்கள் காட்சி காட்சியாக நிற்கின்றன.

உதாரணத்துக்கு, 2013-இல் வந்த 'கோஹீரன்ஸ்'. ஜேம்ஸ் வார்ட் பிர்கிட் தன் வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்தது, நடிகர்களுக்கு முழு ஸ்கிரிப்ட் தராமல் அன்றன்றைக்குக் குறிப்பு மட்டும் கொடுத்து நடிக்கவைத்திருக்கிறார். முதல்முறை பார்த்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடம் கழித்து மறுபடி போட்டால், முடிச்சு எங்கே என்று தெரிந்துவிட்டதால் ஆட்கள் சத்தமாகக் குழம்புவதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. எடுத்த விதம்தான் படத்தைவிட சுவாரசியம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. 2007-இல் வந்த 'தி மேன் ஃப்ரம் எர்த்' இன்னும் ஒரு படி. "ஒரே அறை, வெறும் பேச்சு, ஆனாலும் அசத்தல்" என்று முன்பின் தெரியாதவர்கள் ஆளாளுக்குக் கொண்டாடுகிறார்கள். அதை நான் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, சுவரைப் பத்து தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல் முழுதாகப் 'பார்த்து' முடித்தேன், ஒன்றும் தவறவில்லை. நல்ல ரேடியோ நாடகம், அதில் சந்தேகமில்லை. 7000 டாலரில் எடுத்த காலப்பயணக் கதையான 'ப்ரைமர்' (2004) 77 நிமிடம்தான், ஆனால் பாதியில் பேப்பர் எடுத்துக் கோடு போட்டு யார் எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது. சனிக்கிழமை ராத்திரி எனக்கு வீட்டுப்பாடம் வேண்டாம். ஆனால் அந்தப் படத்தில் ஒரு இடம் மறக்கவேயில்லை: கண்டுபிடிப்புக்குத் தேவையான உலோகத்துக்காக ஒரு காரின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை, அதாவது புகையைச் சுத்தப்படுத்தும் பாகத்தை, கழற்றுவார்கள். கதையே மண்டையில் ஏறாதபோதும் அது மட்டும் ஏறியது.

ஏன் அது மட்டும் என்று யோசித்தபோதுதான் மற்ற பக்கங்களும் பிடிபட்டன. எனக்கு மனதில் நிற்பவை எல்லாம் யாரோ ஒரு வேலையைச் செய்வதை, அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொடுத்துக் காட்டுகிற படங்கள்.

முதல் இடம் 'லெ ட்ரூ'வுக்கு. 1960, இயக்குநர் ஜாக் பெக்கர், பிரெஞ்சு. பாரிஸின் லா சான்டே சிறையில் ஐந்து பேர், தரையைத் தோண்டித் தப்பிக்கப் பார்க்கிறார்கள், கதை இவ்வளவுதான். படம் தொடங்கும்போதே ஒரு ஆள் காரை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருப்பார், நம் பக்கம் திரும்பி இது என் கதை, நிஜமாக நடந்தது என்பார். அவர் ழான் கெரோடி, 1947-இல் நிஜமாகவே அந்த முயற்சியில் இருந்தவர், படத்திலும் தோண்டும் வேலைக்குத் தலைவர் அவர்தான். கட்டிலிலிருந்து பிடுங்கிய இரும்பை வைத்து கான்கிரீட் தரையை அடிப்பார்கள். அடித்துக்கொண்டே இருப்பார்கள். வெட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் போகும். முதலில் வெறும் கீறல், அப்புறம் பொடி, அப்புறம் ஒரு சில்லு, ஒருவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர் இரும்பை வாங்கிக்கொள்வார். பின்னணி இசை கிடையாது. நம் கண்ணெதிரில் நிஜத் தரை நிஜமாக உடைகிறது. பல் துலக்கும் பிரஷ்ஷில் உடைந்த கண்ணாடித் துண்டைக் கட்டி, கதவின் ஓட்டை வழியாக விட்டு, காவலாளி வருகிறானா என்று பார்ப்பார்கள் பாருங்கள், அந்தச் சின்னச் சாமானுக்கு முன்னால் எத்தனையோ சண்டைக்காட்சிகள் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டன. (என் ஃபேன் சத்தம் உண்மையிலேயே எரிச்சலூட்டிய ஒரே படமும் இதுதான். காவலாளி நடந்து வரும் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு கொசுப்படை. அடுத்த நாளே ப்ரொஜெக்டரைப் பின்னால் உள்ள அலமாரி உச்சிக்கு மாற்றினேன்.) படம் வெளிவருவதற்குள் பெக்கர் இறந்துவிட்டார்.

எனக்குப் பிடித்ததற்குக் காரணம் சைக்கிளாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் சைக்கிளை வாங்கி சரிசெய்து கொடுப்பது என் பொழுதுபோக்கு, அதிலும் வீல் பெண்டு எடுப்பது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் எங்கே பிரேக் கட்டையில் 'சர்க்' என்று உரசுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. அந்த இடத்தில் எதிர்ப்பக்க ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்க வேண்டும், உரசும் பக்கத்தைக் கால் சுற்று தளர்த்த வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். அரைச் சுற்று கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும், கொடுத்தால் பெண்டு வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெளியாளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 'லெ ட்ரூ' அந்த ஒரு மணி நேரத்தை எடுத்த படம்.

'தி நேக்கட் ஐலண்ட்' 1960-இல் வந்த ஜப்பானியப் படம், கனேடோ ஷிண்டோ எடுத்தது. வசனம் அநேகமாக இல்லை, ஆகவே சப்டைட்டில் தொல்லையும் இல்லை. தண்ணீரில்லாத ஒரு குட்டித் தீவில் ஒரு குடும்பம், பக்கத்துக் கரையிலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவந்து, தோளில் காவடிபோல இரண்டு வாளிகளைத் தூக்கி, செங்குத்தான பாதையில் ஏறிப் பயிருக்கு ஊற்றுகிறது. எத்தனையாவதோ தடவை ஏறும்போது மனைவி தடுக்கி ஒரு வாளியைக் கவிழ்த்துவிடுகிறாள், கணவன் வந்து ஓங்கி ஒரு அறை விடுகிறான், அப்புறம் இருவருமாக மிச்சத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அறையைவிட அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கியதுதான் எனக்கு வலித்தது, அதை எழுத எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் படம் நம்மை அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கும். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ராட்டர்டாம் திரைப்பட விழாவில் 2021-இல் அதன் பெரிய பரிசான டைகர் விருது வாங்கிய படம், இது 75 நிமிடம். அப்பாவும் பையனும் வெயிலில் நடக்கிறார்கள், வேறு பெரிய கதை கிடையாது. கடைசியில் பெண்கள் ஊற்றுக் குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள், கேமரா அவசரப்படாமல் நிற்கும். நோட்டில் அன்றைக்கு ஒரே வரிதான்: "குடம் நிரம்பவில்லை."

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) தெரியாத படம் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் பேர் தெரிந்த எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், என் நண்பர்கள் யாரும் பார்க்கவில்லை, ஆகவே விதிப்படி சரிதான். பாட்டில்லை. சிமெண்ட் மூட்டை, மழை, நடுவில் நிற்கும் வேலை, ஏமாற்றும் காண்ட்ராக்டர். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி எழும்பிய வீட்டைத் தனியாக வந்து பார்த்து, பூசாத சுவரைத் தடவும் இடத்தில் அழுதேன். அர்ச்சனாவுக்கு இதற்குத்தான் தேசிய விருது. அதற்கப்புறம் எங்காவது பாதிக் கட்டிடம் தெரிந்தால் என்னையறியாமல் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன்.

என் தத்துவம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. ஷான்டால் அகெர்மனின் 'ழான் டீல்மன்' (1975) 201 நிமிடம், முழுக்க வீட்டு வேலை. வேலையைக் காட்டும் படம் பிடிக்கும் என்கிறவன் இதில் முதல் இரண்டு முறையும் தூங்கிப்போனேன், மூன்றாவது முறை மூன்று ராத்திரியாகப் பிரித்துப் பார்த்தேன். உருளைக்கிழங்கு ஒருநாள் அளவுக்குமேல் வெந்துபோகும், அவ்வளவு நேரம் ஒழுங்காக இருந்தவள் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றுவாள், அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவரை ஏன் தாங்கிக்கொள்ள முடியவில்லை? தரை உடைந்தால் ரசிக்கிறேன், பாத்திரம் கழுவினால் தூங்குகிறேன். அக்காவிடம் சொன்னபோது "நீ கழுவிப் பார்த்தாத்தானே தெரியும்" என்றாள். பதில் சொல்லவில்லை, சிங்க்கில் அப்போதும் பாத்திரம் கிடந்தது.

போன சனிக்கிழமை அக்காவுக்காக 'லெ ட்ரூ'வை மறுபடி போட்டேன். அரைமணி நேரத்தில் "என்னடா, இன்னும் தோண்டிட்டே இருக்கானுங்க" என்றாள். காவலாளி வரும் இடத்தில் "டேய், சீக்கிரம் மூடுங்கடா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். முடிந்ததும் நோட்டை அவளிடமே கொடுத்து மூன்று வரி எழுதச் சொன்னேன். எழுதியிருப்பது இது: "சத்தம் அதிகம். அந்த மெக்கானிக் வேலை சுத்தம். நடுவில் தூங்கிட்டேன், எப்படி வெளியே வந்தாங்கன்னு காலையில சொல்லு."