காரைக்குடியில் நன்னடத்தை அலுவலர் பணிக்கான படிப்பு ஆலோசனை

நன்னடத்தை அலுவலராக விரும்பும் என் அண்ணன் மகளுடன் காரைக்குடியில் ஓர் உயர்கல்வி ஆலோசனை மையத்துக்குச் சென்றிருந்தேன். ஆலோசகர் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை எடுத்து, 14ஆம் பிரிவைப் பென்சிலால் கோடிட்டு, குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டுச் சூழலை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அளிப்பதே இப்பணியின் உயிர்நாடி என்று நிதானமாக விளக்கினார். வேறெந்த மையத்திலும் இவ்வளவு அக்கறையை நான் கண்டதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, சிறார் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை இரண்டு வாரங்களுக்குள் முடிக்க வேண்டியிருப்பதால், குடும்பங்களோடு பேசிப் பழகும் களப்பயிற்சி உள்ள சமூகப்பணிப் படிப்புக்கே முதலிடம் தர வேண்டும் என்ற அவருடைய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். முதுகலைச் சமூகப்பணி உள்ளூரிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் உள்ளது. குற்றவியல் படிக்க விரும்பினால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இளங்கலைக்கு உளவியல் அல்லது சமூகவியல் பொருந்தும்.

ஆனால், அங்கிருந்த மற்றோர் ஊழியர் தடய அறிவியல் படிப்பை விடாமல் வற்புறுத்தியது சரியன்று. ஆய்வகச் சான்றுகளை ஆராயும் அப்படிப்புக்கும், மனிதர்களைத் திருத்தி வாழவைக்கும் இப்பணிக்கும் வெகுதூரம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பழைய அறிவிக்கையிலுள்ள கல்வித் தகுதிப் பகுதியையும் அவர்களே காட்டியிருக்க வேண்டும்; கேட்ட பிறகுதான் எடுத்துத் தந்தார்கள். செல்வோர் அதை முதலிலேயே கேட்டு வாங்கிப் படித்துவிடுவது நல்லது.