வாழைத் திசு வளர்ப்பு: பிஏபியா, டிடிஇசட்டா?

வாழைத் திசு வளர்ப்பில், அதாவது வாழையின் சிறு திசுவை பாட்டிலில் வளர்த்துக் கன்றாக்கும் தொழிலில், புதிதாக இறங்குபவர்களை முதலில் மிரட்டுவது ஹார்மோன் பட்டியல்தான். கைனடின், ஜியாட்டின், பிஏபி, டிடிஇசட், ஐபிஏ, என்ஏஏ, 2,4-டி என்று நீண்டுகொண்டே போகும். உண்மையில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்றுதான்: தளிர் பெருக்கும் கட்டத்தில் எந்த சைட்டோகைனினை, அதாவது தளிரைத் தூண்டும் ஹார்மோனை, போடுவது? பட்டியலின் முதல் நான்கும் அந்த வகைதான், மற்றவை ஆக்சின் என்ற இன்னொரு வகை.

அடிப்படை விதியை 1957இல் விஞ்ஞானிகள் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவில் காட்டிவிட்டார்கள். ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர், சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தளிர், இரண்டும் நடுவாந்தரமாக இருந்தால் கேலஸ் என்ற உருவமில்லாத செல் திரள். வாழைக் கிழங்கிலிருந்து வெட்டி எடுக்கும் நுனிக்குருத்து, பக்க மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. சைட்டோகைனின் அந்தப் பிடியைத் தளர்த்துவதால்தான் ஒரு குருத்தைச் சுற்றிப் பல தளிர்கள் கிளம்புகின்றன.

கைனடினைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1955இல் ஹெர்ரிங் மீன் விந்தணுவின் டிஎன்ஏவைச் சூடாக்கியபோது கிடைத்த பொருள் அது. வரலாற்றில் அதற்கு இடம் உண்டு, ஆனால் தளிர் பெருக்குவதில் வாழையிடம் பிஏபி அளவுக்கு எடுபடாது. ஜியாட்டின் செடியே தயாரிக்கும் ஹார்மோன். விலை அதிகம், போதாததற்கு செடிக்குள் இருக்கும் சைட்டோகைனின் ஆக்சிடேஸ் நொதி அதை வெட்டிப் போட்டுவிடும்.

மிச்சம் இருப்பது பிஏபியும் டிடிஇசட்டும். பிஏபி மலிவு, ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) சூட்டைத் தாங்கும், அந்த நொதிக்கும் எளிதில் மசியாது. வாழைக்கு ஒரு லிட்டர் ஊடகத்துக்கு (திசு வளரும் சத்துக் கலவை) 3 முதல் 5 மில்லிகிராம் வரை போடுவார்கள். டிடிஇசட்டோ பருத்தி இலையை உதிர்க்கப் பயன்பட்ட மருந்து. அதை நொதி சிதைக்க முடியாது, தவிர அது நொதியின் வேலையையே தடுத்தும் விடும். அதனால் பிஏபியைவிட மிகக் குறைந்த அளவிலேயே வேலையைக் காட்டும்.

சில வாரம் கழித்து பாட்டிலில் மொட்டை எண்ணினால் டிடிஇசட் ஜெயிக்கலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். சிதையாத பொருள் திசுவை விட்டுச் சீக்கிரம் போகாது. ஹார்மோன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினாலும் தளிர் நீளாமல் குட்டையாக, கொத்தாகவே நிற்கும். சில சமயம் நீர் கோத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும், வேரும் பிடிக்காது. நீள வைக்க ஒரு கட்டம் கூடினால் ஊடகம், ஆள் கூலி, ரேக்கில் இடம் எல்லாம் கூடும். என்னைக் கேட்டால் எண்ண வேண்டியது மொட்டை அல்ல, ஹார்டனிங் தட்டில், அதாவது வெளிச்சூழலுக்குப் பழக்கும் தட்டில், உயிரோடு நிற்கும் கன்றை. அந்தக் கணக்கில் பிஏபிதான் முன்னால் நிற்கும். கிளைக்க மறுக்கும் மரவகைகளில் டிடிஇசட்டின் மதிப்பே வேறு. அங்கே நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அதற்காக பிஏபியை அள்ளிக் கொட்டவும் கூடாது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக முறையில், வேண்டுமென்றே 100 மைக்ரோமோலார், அதாவது லிட்டருக்குச் சுமார் 22 மில்லிகிராம் பிஏபி கொடுத்து, காலிஃபிளவர் மாதிரி மொட்டுத் திரளை வரவழைப்பார்கள். திசுவிலிருந்தே கரு உருவாக்கும் ஆராய்ச்சிக்கு அது சரி, கன்று விற்பவருக்கு அது தலைவலி. சப்கல்ச்சர் சுற்றுகளும், அதாவது தளிரைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றும் சுற்றுகளும், அளவோடு இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் கிராண்ட் நைன் போன்ற கேவண்டிஷ் ரகங்களில் குட்டைச் செடிகள் தலைகாட்டும், விவசாயிக்கோ அது தோட்டத்துக்குப் போன பிறகுதான் தெரியும். எட்டுச் சுற்றோடு நிறுத்துவது நல்ல வழக்கம். கையில் காசு இருந்தால் மெட்டா டோபோலினையும் பார்க்கலாம். பிஏபியின் நெருங்கிய உறவு, ஆனால் திசுவில் அவ்வளவாகத் தேங்காது.

வேர் விடும் கட்டத்தில் ஐபிஏவா என்ஏஏவா என்று சண்டை போடுவது வீண். வாழை ஹார்மோன் இல்லாமலேயே வேர் விடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் எதைப் போட்டாலும் போதும். ஐஏஏ என்ற ஆக்சின் மட்டும் வெளிச்சத்தில் சீக்கிரம் சிதையும். கூடவே சேர்க்கும் ஆக்டிவேட்டட் சார்கோல் என்ற கரித்தூள் மிச்சமிருக்கும் பிஏபியை உறிஞ்சிக்கொள்ளும், நாம் போட்ட ஐபிஏவையும் விட்டுவைக்காது!

2,4-டி? கேலஸ் வழியாகக் கரு உருவாக்குபவர்களுக்கு அது வேண்டும். கன்று மட்டும் விற்பவர் அதை வாங்கவே வேண்டாம்.