சுத்த ஈயம் என்று சொல்லி நாகத்தை (துத்தநாகத்தை) தலையில் கட்டுகிறார்கள், கவனம்

கொழும்பில் பஞ்சிகாவத்தை, மருதானைப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் ஈயக்கட்டி வாங்கி, வீட்டில் உருக்கி, வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு வார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. கட்டியை அடையாளம் சொல்கிறேன், அது போதும். பாண் தகரத்தில் வார்த்த நீளக்கட்டி, ஒன்று ஏறக்குறைய 5 கிலோ. மேலே வழவழவென்று இருக்கும். பக்கவாட்டைப் பார்த்தால் பாதி உயரத்தில் ஒரு மெல்லிய கோடு நாலு பக்கமும் சுற்றி ஓடும். ஒரே வார்ப்பில் ஊற்றியிருந்தால் அந்தக் கோடு வராது. பாதி ஊற்றி, இறுகவிட்டு, நடுவில் எதையோ வைத்து, மீதியை ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மட்டக்குளியில் வீச்சு வலை கட்டும் ஒரு அண்ணனுக்கு நான் குண்டு வார்த்துக் கொடுப்பது வழக்கம். வலையின் விளிம்பைச் சுற்றி வரும் குண்டுகள் எல்லாம் ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனம் கூடினால் வலை வட்டமாக விரியாது, கோணலாகப் போய் விழும். அதனால் வார்த்த ஒவ்வொன்றையும் தராசில் போட்டு, கூடியதை அரத்தால் தேய்த்து, துளையைத் துளைப்பானால் ஒரே அளவுக்கு எடுத்துத்தான் கொடுப்பேன். என் அலுமினிய அச்சில் ஒரு குண்டு ஈயத்தில் 20 கிராம் வரும். வருடக்கணக்காக அப்படித்தான் வந்தது.

இந்தக் கட்டியை உருக்கிய அன்று எதுவுமே சரியாக வரவில்லை. உருகிய ஈயத்தின் மேற்பரப்பு கண்ணாடியாகத் தெளிய வேண்டும், இது தண்ணி வற்றிய கஞ்சி மாதிரி திட்டுத் திட்டாகக் கிடந்தது. மெழுகு போட்டுக் கிளறினேன், கசடை வழித்தேன், திரும்பவும் அதே கதை. வார்த்த குண்டில் மூலைகள் நிரம்பவில்லை, உடம்பெல்லாம் சுருக்கம். எடை ஒன்று 18, அடுத்தது 17, இன்னொன்று 19. அச்சு சூடாகவில்லை போல என்று சூடாக்கினால் இன்னும் மோசமானது. அப்புறம்தான் சந்தேகம் வந்து, மீதமிருந்த கட்டி ஒன்றை இரும்பு வாளால் குறுக்கே அறுத்தேன்.

உள்ளே வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள், காரின் சக்கரத்தில் பலன்ஸ் பார்க்க மாட்டும் எடைகளை. ஒன்றின் மேல் 'இசட் என்' என்ற நாக அடையாளம் அப்படியே வாசிக்கக்கூடியதாக இருந்தது! தற்செயலாகக் கலந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கையால் அடுக்கியிருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தச் சக்கர எடைகள் பெரும்பாலும் ஈயம்தான். குண்டு வார்ப்பவர்கள் டயர் கடைகளில் கேட்டு வாங்குவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜூலையோடு புதிய கார்களில் ஈய எடையை நிறுத்திய பிறகு நாகமும் இரும்பும் அந்த இடத்துக்கு வந்தன. இரும்பால் நமக்குத் தொல்லை இல்லை, ஈயத்தில் மிதக்கும், கரண்டியால் அள்ளி எறியலாம். நாகம்தான் கள்ளன். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுகிறது, நாகம் 419இல். வெப்பமானி வைத்து 370ஐத் தாண்டாமல் உருக்கினால் நாகத் துண்டும் மிதக்கும், எடுத்துவிடலாம். வீட்டு வாயு அடுப்பில் தீயைக் கூட்டினால் அந்த எல்லை தெரியாமலே கடந்துவிடும். கலந்த பிறகு சட்டியில் இருக்கும் அத்தனை ஈயமும் வார்ப்புக்கு உதவாது.

கடைக்குப் போனேன். "ஈயம் ஈயம்தானே தம்பி, தராசில் எடை காட்டினதா இல்லையா?" என்று கேட்டார் முதலாளி. அறுத்த கட்டியை மேசையில் வைத்தேன். பார்த்துவிட்டு, "இது எங்கட சாமான் இல்ல" என்றார். வாங்கும்போது தந்தது கடையின் பெயர் இல்லாத எடைத் துண்டு மட்டும்தான், பில் கேட்டதற்குப் புத்தகம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். நான் நிற்கும்போதே இன்னொருவர் அதே கட்டிகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் அந்தக் கோட்டைக் காட்டினேன். இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பின் முதலாளி என்னோடு பேசவே இல்லை, வேலை செய்யும் பையனை விட்டு வெளியே போகச் சொன்னார். காசு திரும்பவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் கையில் பில் இருந்தால்தான் நம் பேச்சுக்குப் பலம்.

சரி, வாங்குமுன் எப்படிப் பார்ப்பது? சுத்த ஈயத்தில் நகத்தால் கீறினால் கோடு விழும், கீழே போட்டால் மந்தமான சத்தம் வரும், நாகம் கணீர் என்னும். ஆனால் இந்தக் கடைக்காரர்கள் வெளித்தோலை நல்ல ஈயத்தில்தான் ஊற்றுகிறார்கள், ஆகவே நகமும் சத்தமும் ஏமாற்றும். தண்ணீரில் நிறுப்பதுதான் இதற்குச் சரியான வழி. பயணப் பையை நிறுக்கும் சின்னத் தொங்கு தராசு போதும். கட்டியைக் கயிற்றில் கட்டி முதலில் காற்றில் நிறுங்கள், பிறகு வாளித் தண்ணீரில் முழுதாக மூழ்கவிட்டு நிறுங்கள், அடி தொடக்கூடாது. சுத்த ஈயம் கிலோவுக்கு 88 கிராம் குறையும், நாகம் 140 கிராம் குறையும். 5 கிலோ ஈயக்கட்டி தண்ணீருக்குள் 4 கிலோ 560 கிராம் அளவில் காட்ட வேண்டும். என்னிடம் மிஞ்சிய முழுக்கட்டி 4 கிலோ 480தான் காட்டியது. கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தத் தராசுக்குப் பிடிபடாது. அதற்கு ஒரு மூலையை அறுத்து, வெட்டிய முகத்தில் குளியலறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அசிட் ஒரு சொட்டு விடுங்கள். நாகம் இருந்தால் நுரைத்துப் பொங்கும், ஈயம் பேசாமல் இருக்கும். கையுறை போட்டு, வெளியில் வைத்து. அறுக்க விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்கவே வேண்டாம்.

பரவாயில்லை, கலப்பு ஈயத்திலேயே குண்டு வார்த்து ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: முகத்துவாரத்தில் படகு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், அடிப்பலகையில் நாகக்கட்டி பூட்டுவது எதற்கென்று. உப்புத் தண்ணீரில் மற்ற உலோகத்துக்கு முன் அதுதான் அரிபட்டுப் போகும். என் குண்டுகளில் சிலவற்றை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்துப் பார்த்தேன், வெள்ளை மா பூத்துவிட்டது. மட்டக்குளி அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைக் கட்டி நான் வலை வித்தா என்ட பேர் போயிடும்" என்றார். அவர் சொன்னது நியாயம்.

இதே கடைகளில் பழைய பற்றரித் தகட்டையும் 'மலிவு ஈயம்' என்று நீட்டுவார்கள். அதை வீட்டில் தொடவே வேண்டாம். அதில் அன்ரிமனி, சிலவேளை ஆர்சனிக் இருக்கும், அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு வரக்கூடும். நல்ல ஈயத்துக்கே சிறுபிள்ளைகளை அண்டவிடக்கூடாது, கை கழுவாமல் சாப்பிடக்கூடாது. சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்தில் விழுந்தால் வெடித்துத் தெறிக்கும் என்பது வார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நான் இடித்த பழைய வீடுகளிலிருந்து வரும் ஈயக்குழாய்களைத்தான் தேடி வாங்குகிறேன். விலை கொஞ்சம் கூட, ஆனால் குழாய்க்குள் எதையும் ஒளித்து வைக்க முடியாது, இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும்.