இஸ்ரேலின் பினேய் பிராக்கில் மெஸூஸா சோதித்துத் தரும் கடை

நான் பராமரிப்பு வேலை பார்க்கும் வீட்டுப் பாட்டிக்கு 86 வயது. நிலைக்காலில் பதித்திருக்கும் மெஸூஸாக்களை, அதாவது வேத வசனச் சுருள்களை, ஏழு வருஷத்தில் இரண்டு தடவை சோதித்துவிட வேண்டும் என்பது யூத வழக்கம். இந்த முறை ஆறையும் என்னைக் கழற்றச் சொல்லி, ரபி அகிவா தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் சோஃபர் கடைக்கு அனுப்பினார். சோஃபர் என்றால் வேதம் எழுதுபவர்.

வெளியே தெரியும் உறை வெறும் கூடுதான். உள்ளே சுருட்டி வைத்த தோல்தான் மெஸூஸா. அதில் யூத வேதத்தின் உபாகமம் 6, 11ஆம் அதிகாரங்களின் வசனங்கள், 22 வரிகளில் 713 எபிரேய எழுத்துகள். ஓர் எழுத்து பழுதானாலும் முழுத் தோலும் செல்லாது.

ஐந்து நன்றாக இருந்தன. ஆறாவதில் ஒரு வாவ் எழுத்தின் கால் குட்டையாக இருந்தது. சோஃபருக்கே சந்தேகம். பக்கத்து வீட்டுச் சின்னப் பையனைக் கூப்பிட்டார். எழுத்து தெரிந்த, ஆனால் அர்த்தம் புரிந்து ஊகித்துப் படிக்கத் தெரியாத பிள்ளையைத்தான் கேட்க வேண்டுமாம். அவன் பார்த்துவிட்டு “யோத்” என்றான். அது வாவ் போலவே இருக்கும், ஆனால் கால் குட்டையான வேறு எழுத்து. அத்தோடு தீர்ந்தது, அந்தத் தோல் செல்லாது.

காலைக் கொஞ்சம் இழுத்து விட்டால் போதாதா என்று கேட்டேன். தோரா என்னும் வேதச் சுருளில் திருத்தலாம், மெஸூஸாவில் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை வரிசையாகத்தான் எழுத வேண்டும், நடுவில் போய்த் தொட்டால் வரிசை கெட்டுவிடும் என்றார். சத்தமில்லாமல் ஒரு சொட்டு மை வைத்திருந்தால் எனக்கோ பாட்டிக்கோ தெரிந்தே இருக்காது. புதியது விற்கத்தான் சொல்கிறாரோ என்றும் ஒரு கணம் தோன்றியது. அவரோ உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் நீட்டி, வேறு சோஃபரிடமும் காட்டிவிட்டு வாருங்கள் என்றார். நான் அங்கேயே வாங்கினேன், 250 ஷெக்கல். சோதிக்க ஒன்றுக்கு 15.

அப்புறம் எழுதுவதையும் பார்க்க விட்டார். வான்கோழி இறகு, மாசிக்காய் மை, மையில்லாமல் கீறிய கோடுகள். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார்.

கடை ரொம்பக் குறுகல், சக்கர நாற்காலி நுழையாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே அடைத்துவிடுவார்கள். கழற்றும்போதே எது எந்த வாசலுடையது என்று எழுதி வையுங்கள்.

பழுதானதைக் குப்பையில் போடக் கூடாது, மண்ணில் புதைப்பார்கள். அதைப் போட்டு வைக்கக் கடையிலேயே ஒரு பெட்டி இருக்கிறது.