டெபியன் 13: 32 பிட் பலகையில் 2038ஐத் தாண்டிய கடிகாரம்

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை, வீட்டில் வெப்பநிலை பதிவதற்காக ஓடும் ஏஆர்எம் செயலி கொண்ட 32 பிட் பலகைக் கணினியில் நிறுவிப் பயன்படுத்தி வருகிறேன். நான் காத்திருந்த மாற்றம் ஒன்றே: பழைய இன்டெல் வகைச் செயலிகளுக்கான ஐ386 தவிர மற்ற 32 பிட் செயலிக் கட்டமைப்புகளில், நேரத்தை வைத்திருக்கும் ‘டைம்-டி’ வகை 64 பிட்டாகியிருக்கிறது.

1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளைக் குறியுள்ள (கூட்டல், கழித்தல் குறிக்கு ஒரு பிட் ஒதுக்கிய) 32 பிட் முழு எண்ணில் எண்ணிக்கொண்டே போனால், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07க்கு அது 2,14,74,83,647ஐத் தொட்டு நிரம்பிவிடும். அடுத்த நொடியில் குறிக்கான பிட் 1 ஆகி, எண் எதிர்மறையாகிவிடும். டெபியன் 12இல் பத்து வரி சி நிரல் எழுதி இதைச் சோதித்தபோது, திரையில் 1901 டிசம்பர் 14, அதிகாலை 2:07:02 என்று வந்தது. இந்திய நேரப்படி 2:15:52 அல்லவா வர வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். 1870 முதல் 1905 வரையிலான நாட்களுக்கு நேர மண்டலத் தரவு, ஐந்தரை மணிக்குப் பதிலாக 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்ற மதராஸ் நேரத்தைக் கொள்கிறது.

அதே நிரலை ஒரு வரியும் மாற்றாமல் டெபியன் 13இல் மீண்டும் கம்பைல் செய்தேன் (இயங்கும் வடிவுக்கு மாற்றினேன்). 2038 ஜனவரி 19, 8:44:08 என்று சரியாக வந்தது.

குறியை நீக்கிவிட்டு அந்த 32 பிட்டையே வைத்துக்கொள்ளும் எளிய வழியும் உண்டு. அது 2106 வரை தாங்கும். ஆனால் 1970க்கு முந்தைய தேதிகள் போய்விடும். இரண்டு நேரங்களைக் கழித்து எது முந்தியது என்று பார்க்கும் இடங்களிலெல்லாம், எதிர்மறை விடைக்குப் பதில் மிகப் பெரிய நேர்மறை எண் வந்து நிற்கும். டெபியன் குழு அந்தக் குறுக்குவழியில் போகாமல், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் எண்ணற்ற லைப்ரரித் தொகுப்புகளின் பெயரில் ‘டி64’ என்று சேர்த்து மறுபடி கம்பைல் செய்யும் கடின வழியை ஏற்றது. இந்த உழைப்புக்கு என் மனமார்ந்த பாராட்டு.

குறைகளும் உண்டு. உள்நுழைவுகளைக் காட்டும் ‘லாஸ்ட்’ கட்டளையை இப்போது காணோம். அதன் பழைய கோப்பு வடிவத்தில் நேரத்துக்குப் போதிய இடமில்லை என்பதால், ‘டபிள்யுடிஎம்பிடிபி’ தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

அதைவிட முக்கியமானது, நேரத்தை ‘இன்ட்’ என்ற 32 பிட் முழு எண் வகையில் வாங்கி வைக்கும் நிரல்களை இந்தப் பதிப்பு காப்பாற்றாது. என் வெப்பநிலை நிரலில் அப்படி மூன்று இடங்கள் இருந்தன. கம்பைலர் வழக்கமான அமைப்பில் ஒன்றும் சொல்லவில்லை, வகைமாற்ற எச்சரிக்கையைத் தனியே இயக்கிய பிறகே மூன்றும் அகப்பட்டன. மூன்றையும் திருத்தி, பலகையின் கடிகாரத்தை 2038 ஜனவரி 19 காலை 8:43க்குத் தள்ளி வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 8:45க்கான வெப்பநிலை, உரிய தேதியுடன் பதிவாகியது.