சைரன் கேட்டால் ஓரம் கட்டாதீர்கள்: 'ஃபயர்ஹவுஸ் ஃபைவ் பிளஸ் டூ ஸ்டோரி' ஆல்பம்

காரில் இந்த ஆல்பத்தை முதல்முறை ஓடவிட்டபோது, பின்னால் ஃபயர் எஞ்சின் வருகிறது என்று நினைத்து இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு பால் வண்டி மட்டும்தான். சைரன் வந்தது ஸ்பீக்கரிலிருந்து.

ஃபயர்ஹவுஸ் ஃபைவ் பிளஸ் டூ என்ற இந்த ஜாஸ் குழுவில் வாசித்தவர்கள் பெரும்பாலும் டிஸ்னி ஸ்டூடியோ ஆட்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பழைய ஜாஸ் ரெக்கார்டைப் போட்டு, அதோடு சேர்ந்து வாசித்துப் பழகியிருக்கிறார்கள். ஒருநாள் கிராமஃபோன் பழுதாக, அது இல்லாமலேயே நன்றாக வருகிறதே என்று கண்டுகொண்டார்களாம். தலைவர் வார்டு கிம்பால், வாசித்தது டிராம்போன் என்ற பித்தளைக் குழல் வாத்தியம்; 'பினோக்கியோ' படத்தில் வரும் ஜிமினி கிரிக்கெட்டை வடிவமைத்தவர். பியானோவில் ஃபிராங்க் தாமஸ், அவரும் பெரிய அனிமேட்டர். ஒருகட்டத்தில் டிரம்ஸ் அடித்த ஜிம் மெக்டொனால்டு யார் தெரியுமா, மிக்கி மவுஸுக்குக் குரல் கொடுத்தவர்! 1949இல் லெஸ்டர் கோனிக் இவர்களைப் பதிவு செய்வதற்காகவே 'குட் டைம் ஜாஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். அப்போதும் யாரும் வேலையை விடவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு, ஏதோ ஆபீஸ் ஆண்டுவிழாக் கச்சேரி மாதிரி இருக்கும், மன்னித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மன்னிக்க வேண்டிய தேவையே வரவில்லை. இவர்கள் வாசிப்பது டிக்ஸிலேண்ட், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பழைய ஜாஸ் பாணி. அதில் கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஒரு வாத்தியம்) மெட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும், கிளாரினெட் அதற்கு மேலே ஓடிக்கொண்டே இருக்கும், டிராம்போன் அடியில் இழுத்து இழுத்து நிரப்பும். பாட்டின் கடைசிச் சுற்றில் மூன்றும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது சாதாரண குழு என்றால் சந்தைக்கடைதான். இவர்களோ ஒருவர் மேல் ஒருவர் விழாமல், அடுத்தவன் எங்கே மூச்சு விடுவான் என்று தெரிந்தவர்கள் போல் வாசிக்கிறார்கள். அதிலும் கிம்பாலின் அந்த இழுவை அபாரம். அந்தக் காலத்தில் நியூ ஆர்லியன்ஸில் வண்டியில் ஏறி வாசித்துக்கொண்டு போகும்போது, குழலை நீட்டி மடக்க இடம் வேண்டுமே என்று டிராம்போன்காரரைப் பின்பலகை ஓரத்தில் உட்காரவைப்பார்களாம். அந்தப் பாணிக்கு இன்றைக்கும் 'டெய்ல்கேட்' என்றுதான் பெயர்.

சரி, குறைகள். சைரன், மணி எல்லாம் முதல் தடவை சிரிப்பு, நாலாவது தடவை எரிச்சல். பெரும்பாலான பாட்டுகள் ஒரே ஓட்டம், கொஞ்சம் நின்று அழலாம் என்றால் விடமாட்டார்கள். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், இயர்ஃபோனில் கேட்டால் தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி காதுக்குள் இறங்குகிறது. நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் கலைஞர்களின் இசையில் இருக்கிற அந்த வலி இங்கே கிடையாது. அது வேண்டுமென்றால் அந்த ஊர் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் குழுவின் 1923 பதிவுகளுக்குப் போங்கள், ஒலித்தரம் மோசம்தான், பரவாயில்லை.

அப்புறம், மொத்தத்தையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள், நாலு நாலாகக் கேட்டால் போதும். நான் காருக்கான பட்டியலில் சைரன் வரும் பாட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்திருக்கிறேன்.