கிளிசரினா, ஹையலுரானிக் அமிலமா, தேங்காய் எண்ணெயா? மாய்ஸ்ச்சரைசர் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி

மாய்ஸ்ச்சரைசர் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தை மறந்துவிடுங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது. இந்தியாவின் அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-இன்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். அந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏராளமான க்ரீம்களில் கெடாமலிருக்க ஃபீனாக்ஸிஎத்தனால் சேர்க்கிறார்கள். அதன் உச்ச வரம்பே 1 சதவீதம். ஆகவே பட்டியலில் அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது.

பின்னால் வருவதெல்லாம் ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. ஹையலுரானிக் அமிலமும், தோலில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பான செராமைடும் குறைந்த அளவிலேயே வேலை செய்யும். ஆனால் கிளிசரினோ ஷியா பட்டர் என்ற கொட்டைக் கொழுப்போ அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றால், அது பெயருக்குத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது.

தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள் செங்கல், இடையிலுள்ள கொழுப்பு சாந்து. செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்துவைப்பது ஒரு வேலை. அது ஆவியாகாமல் மேலே மூடுவது இன்னொரு வேலை. கெட்டுப்போன சாந்தைச் சரிசெய்வது மூன்றாவது. எந்த ஒரு பொருளும் மூன்றையும் முழுசாகச் செய்வதில்லை என்பதால், ஒரே வேலைக்குப் போட்டியிடும் பொருள்களை மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

தண்ணீர் பிடிப்பதில் கிளிசரினும் ஹையலுரானிக் அமிலமும் நேர் போட்டி. கிளிசரினின் மூலக்கூறு எடை வெறும் 92 டால்டன். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் தோலுக்குள் எளிதில் நுழையா என்பது பொது விதி. ஹையலுரானிக் அமிலம் சாதாரணமாகப் பல லட்சம் டால்டன், சில வகைகள் 10 லட்சத்துக்கும் மேல். அதனால் கிளிசரின் மேலடுக்குக்குள் இறங்கித் தங்குகிறது. ஹையலுரானிக் அமிலம் மேலே மெல்லிய படலமாக உட்காருகிறது. அந்தப் படலம் முகத்தை உடனே வழவழப்பாகக் காட்டும், பிசுபிசுக்காது. எண்ணெய் வழியும் முகத்துக்கும், மேக்கப்புக்கு அடியில் போடவும் அதுவே வசதி. மறுநாள் காலை வரை நிற்கும் ஈரம் வேண்டுமென்றால் கிளிசரின்தான், அதுவும் விலையில் பல மடங்கு மலிவாக.

"தன் எடையைப்போல் ஆயிரம் மடங்கு தண்ணீரைப் பிடிக்கும்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பெரிய மூலக்கூறு ஹையலுரானிக் அமிலத்தை 1 சதவீதம் கரைத்தாலே திரவம் கெட்டி ஜெல்லாகிவிடும். 2 சதவீதம் என்று போட்ட சீரம் தண்ணீராக ஓடுகிறது என்றால், அதில் சிறிய துண்டுகளாக உடைத்த வகை இருக்கும், அல்லது அந்த 2 சதவீதம் ஏற்கெனவே தண்ணீரில் கரைத்த ஜெல்லின் கணக்காக இருக்கும்.

கிளிசரினிலும் தவறு நடக்கும். கடையில் வாங்கிய கிளிசரினை அப்படியே பூசினால் அது தோலிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும், எரியும். ஒரு பங்கு கிளிசரினுக்கு நான்கு பங்கு பன்னீர் சரியான கலவை. இதில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லாததால், கொஞ்சமாகக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரப் புழுக்கத்தில் இது தனியாகவே போதும். நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவர்களுக்கும் ஊட்டிக் குளிரில் இருப்பவர்களுக்கும் மேலே ஒரு மூடி அவசியம். முகம் ஈரமாக இருக்கும்போதே பூசி, அது காய்வதற்குள் க்ரீமைப் போட வேண்டும்.

மூடும் வேலையில் பெட்ரோலியம் ஜெல்லியை அடிக்க ஆளில்லை. ராபர்ட் செஸ்ப்ரோ 1872-இல் வாஸலின் என்று காப்புரிமை பெற்ற அதே பொருள்தான். தோல்வழி நீர் இழப்பை இது சுமார் 98 சதவீதம் தடுக்கிறது; மற்ற எண்ணெய்கள் 20 முதல் 30 சதவீதம்தான் தடுக்கின்றன. கச்சா எண்ணெயிலிருந்து வருவதால் ஆபத்து என்ற பயம் பரவலாக இருக்கிறது. மருந்துத் தரத்தில் சுத்திகரித்த வெள்ளை ஜெல்லிக்கு அது பொருந்தாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 30 முதல் 100 சதவீதம் வரை இதைத் தோல் பாதுகாப்புப் பொருளாகவே ஏற்கிறது.

தேங்காய் எண்ணெயின் பலம் வேறு. அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது பாக்டீரியாவை அடக்கும். வறண்டு அரிக்கும் கை கால்களுக்கும், லேசான எக்ஸிமா (தோல் சிவந்து அரிக்கும் நோய்) உள்ள குழந்தைகளுக்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்ல தேர்வு. ஆனால் முகத்துக்கு வேண்டாம். துளைகளை அடைத்து பருவைக் கிளப்பும். தேமல் இருக்கும் முதுகிலும் மார்பிலும் கூடவே கூடாது. தேமலை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சை இப்படிப்பட்ட கொழுப்பமிலங்களைத் தின்றுதான் வளர்கிறது. "எண்ணெய் தேய்த்தும் தேமல் போகவில்லையே" என்று மேலும் மேலும் தேய்ப்பதால்தான் அது பரவுகிறது. பெட்ரோலியம் ஜெல்லியையும் மினரல் ஆயிலையும் அந்தப் பூஞ்சையால் தின்ன முடியாது.

ஆலிவ் எண்ணெயைக் குழந்தைக்குத் தேய்க்காதீர்கள். அதில் மிகுந்துள்ள ஒலெயிக் அமிலம் தோலின் சாந்தைக் கலைக்கிறது. லினோலெயிக் அமிலம் அதிகமுள்ள சூரியகாந்தி எண்ணெய் அதைவிட மேல்.

ஜெல்லியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அதில் துளி தண்ணீர் இல்லை. காய்ந்த தோலில் பூசினால் வறட்சியைத்தான் மூடி வைக்கும். குளித்துத் துவட்டிய மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் பூசினால் வியர்வை அடைபட்டு வேர்க்குரு வரும். இது ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுசாகப் போகாது. ஜெல்லி படிந்த புடவையோடு அடுப்படியில் நிற்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பிசுபிசுப்பே ஆகாது என்பவர்களுக்கு டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் உண்டு. மூடும் திறன் குறைவு, ஆனால் வெயிலில் வண்டி ஓட்டுபவருக்கும் எண்ணெய்ப்பசை முகத்துக்கும் அதுவே உகந்தது.

பித்தவெடிப்புக்கு மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது. அங்கே யூரியா வேண்டும். 5 முதல் 10 சதவீதம் வரை ஈரம் பிடிக்கும். 20-ஐத் தாண்டினால் தடித்த தோலைக் கரைக்கத் தொடங்கும். 40 சதவீதம் நகத்துக்கும் மிகக் கெட்டியான கால் ஆணிக்கும். குதிகாலுக்கு 20 முதல் 25 போதும். வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தால் யூரியா கடுமையாக எரியும். முதல் சில இரவுகள் ஜெல்லி பூசி சாக்ஸ் போட்டு, வெடிப்பின் வாய் மூடிய பிறகு யூரியாவுக்கு வாருங்கள். டியூபைத் திறந்ததும் அம்மோனியா நெடி அடித்தால் யூரியா சிதைந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். சர்க்கரை நோயாளிகள் காலில் புண்ணோ மரமரப்போ இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செராமைடு சாந்தைச் சரிசெய்யும் வகை. இயல்பான சாந்தில் எடையில் சுமார் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பங்கு கொழுப்பமிலங்கள். பட்டியலில் செராமைடு என்பி, ஏபி, ஈஓபி போன்ற பெயர்களோடு கொலஸ்ட்ராலும் கொழுப்பமிலமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பலன் குறைவு. எக்ஸிமா இருப்பவர்களுக்கும், ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) பூசி முகம் உரிபவர்களுக்கும் அதிக விலை கொடுப்பது தகும். சாதாரண வறட்சிக்குத் தேவையில்லை.

எதை வாங்கினாலும் வாசனை சேர்க்காததைத் தேர்ந்தெடுங்கள். "மணமற்றது" என்று மட்டும் எழுதியிருந்தால், மணத்தை மறைக்க இன்னொரு வாசனைப்பொருள் சேர்த்திருக்கலாம். பட்டியலில் பர்ஃப்யூம் அல்லது ஃப்ராக்ரன்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வாங்கும் அளவையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டியூபிலிருந்து ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து அதன் முதல் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டரை விரல்நுனி, ஒரு காலுக்குப் பாதத்தோடு எட்டு. உடம்பு முழுக்க ஒரு தடவை பூச சுமார் 20 கிராம் ஆகும், அதாவது 100 கிராம் டியூப் ஐந்து நாளில் தீர்ந்துவிடும். அதனால் உடம்புக்குக் கிளிசரின் முன்வரிசையில் இருக்கும் 400 கிராம் சாதா லோஷன் வாங்கி, செராமைடு க்ரீமை முகத்துக்கும் மடிப்புகளில் அரிக்கும் இடங்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.